புத்தகமும் இரும்பும்

"புத்தகம் சண்டைக்குள்ள போயிட்டுது தம்பி." மன்னார்ப் பக்கம் பழைய கார் பார்க்கப் போகிறவர் காதில் இந்த வசனம் எங்காவது ஓரிடத்தில் விழாமல் இராது. புத்தகம் என்று நாங்கள் சொல்வது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் கொடுக்கும் பதிவுச் சான்றிதழை. பெரும்பாலும் அந்த வசனம் உண்மைதான். 1990 ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்று மன்னார்த் தீவின் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் கையில் அகப்பட்டதோடு புத்தளம் போய்ச் சேர்ந்தன. தலைமன்னார், பேசாலைக் கரைகளில் படகேறி இராமேஸ்வரம் போனவர்கள் வாகனத்தை முற்றத்தில் விட்டே போனார்கள். 2008இல் மடு, அடம்பன், விடத்தல்தீவுப் பக்கத்துச் சனம் கிளிநொச்சிக்கு நகர்ந்து, அங்கிருந்தும் நகர்ந்தபோது, அலுமாரிக் கடதாசிகள் எத்தனை வழியில் போயின என்று யார் கணக்கெடுத்தார்கள்? ஆனால் களவு வாகனம் விற்பவனும் இதே வசனத்தை, சொல் மாறாமல், இதே பெருமூச்சோடு சொல்கிறான். வாங்குகிறவனுக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தீவில் கராச் வைத்து, பழைய மொரிஸ், ஒஸ்ரின் கார்களோடு சீவித்து வருகிறவன் நான். யாராவது ஒரு கார் பார்க்கப் போனால் "நீங்களும் ஒருக்கா வாங்கோ" என்று கூப்பிடுவார்கள். அப்படிப் போய்ப் பழகியதில் விற்பவரின் முகத்தைப் படிக்கிற வேலையை விட்டுவிட்டேன். நல்ல மனிதர் ஒருவர், தான் வாங்கும்போதே ஏமாந்தது தெரியாமல், அதே ஏமாற்றை உங்களிடம் மனமாரக் கையளிப்பார். முரடாகப் பேசுகிறவரிடம் கடதாசி எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆகவே மூன்று சாட்சிகளை மட்டும் கேட்கிறேன்: இரும்பு, புத்தகம், கொழும்பில் உள்ள பதிவேடு. மூன்றும் ஒரே கதையைச் சொன்னால் விலை பேசலாம். ஒன்று மாறிச் சொன்னால், அதற்கு விளக்கம் வரும்வரை காசு சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.

இந்தக் கார்கள் இவ்வளவு காலம் தப்பியிருப்பதற்குக் காரணம் உண்டு. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் அரசு வாகன இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. 1977இல் பொருளாதாரம் திறந்து யப்பான் கார்கள் வந்து குவியும்வரை, ஐம்பதுகளில் வந்திறங்கிய மொரிஸ் மைனரையும் ஒக்ஸ்போர்டையும் ஒஸ்ரின் ஏ40ஐயும் கேம்பிரிட்ஜையும் திருத்தித் திருத்தி ஓடுவதைத் தவிர வழியிருக்கவில்லை. வடக்கில் அந்தக் காலம் இன்னும் நீண்டது. போரும் பொருளாதாரத் தடையும் புது வாகனங்களை வெளியே நிறுத்த, யாழ்ப்பாணத்து வாடகைக் கார்களாக ஏ40 சோமசெற்றுகள் ஐம்பது வயது தாண்டியும் ஓடின.

இப்போது அவற்றுக்கு வேறு மவுசு. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைவெளியில் ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது. கலியாண ஊர்வலத்துக்கு மைனர் கேட்கிறவர்கள், கனடாவிலிருந்து வந்து அப்பா ஓடியது மாதிரி ஒன்று தேடுகிறவர்கள், வடக்கில் கைபடாத கார் கொட்டிலுக்குள் கிடக்கும் என்று நம்பிக் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியைக் கடந்து வருகிறார்கள். அவர்களுக்கு அவசரமும் இருக்கிறது, காசும் இருக்கிறது. பொய் சொல்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

நான் முதலில் பார்ப்பது நம்பர் தகட்டை. சிலோன் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து இரண்டிரண்டு எழுத்தாக எடுத்து, சிஎல், சிஎன், இஎல், இஎன் என்று முன்பு இலக்கம் கொடுத்தார்கள். 1957இலிருந்து சிங்கள ஸ்ரீ வந்தது. அதை எதிர்த்துத் தகட்டில் தமிழ் ஸ்ரீ எழுதி ஓடிய கதையை எங்கள் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். அதன்பின் வெறும் எண்கள், 2000இலிருந்து மறுபடி ஆங்கில எழுத்துக்கள். ஆக, தகட்டைப் பார்த்தால் கார் எந்தக் காலத்தில் பதிவானது என்று மட்டாகச் சொல்லலாம். காரின் உடம்பு அதே காலத்தைச் சொல்கிறதா என்பது அடுத்த கேள்வி.

மொரிஸ் மைனரில் இது சுலபம். 1948இலிருந்து 1971வரை செய்த கார் அது. 1956வரை வந்தவற்றின் முன்கண்ணாடி நடுவில் தூண் வைத்த இரண்டு துண்டு. அந்த வருடம் வந்த மைனர் 1000க்கு ஒரே வளைந்த கண்ணாடி. திரும்பும்போது கதவுத்தூணிலிருந்து கை நீட்டும் சிக்னல் 1961வரை இருந்தது, பிறகு மின்னும் விளக்கு. சிஎல் தகடு போட்ட ஒரு மைனர் ஒற்றைக் கண்ணாடியோடு நின்றால் உடனே கள்ளம் என்று சொல்லமாட்டேன். அடிபட்ட காருக்குப் பிந்திய காரின் மேல்பாதியை ஒட்டியிருக்கலாம். அப்படி ஒட்டியதை விற்பவர் தானாகச் சொல்கிறாரா, நான் கேட்டபின் சொல்கிறாரா, கேட்டும் மழுப்புகிறாரா என்று கவனிப்பேன்.

பொனற்றைத் திறந்தால் இரண்டு எண்கள். செசி நம்பர் இருப்பது எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரில் அறைந்த தகட்டில். எண்ணை வாசிக்குமுன் ஆணியை வாசிக்க வேண்டும். அறுபது வருடக் காரில் தகடு மங்கி, ஆணித்தலை பல பூச்சு வர்ணம் கண்டு மழுங்கியிருக்கும். தகடு கிழடாகவும் ஆணி புதிதாகவும் இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். வர்ணம் அடிக்கக் கழற்றினோம் என்பது நியாயமான பதில்தான். அந்தப் பதிலோடு வர்ணம் அடித்த பாஸின் பெயரும் ஊரும் சேர்ந்து வரவேண்டும்.

எஞ்சின் நம்பர், பிளொக்கின் வலப்பக்கம், டைனமோ பிடிக்கும் இடத்துக்கு மேலே சின்னத் தகட்டில் இருக்கும். மைனர் 1000இல் 948 சிசி எஞ்சின் 9எம் என்றும், 1962இல் வந்த 1098 சிசி எஞ்சின் 10எம்ஏ என்றும் தொடங்கும் (முதல் 948களுக்கு வேறு எழுத்து). புத்தகத்தில் 1959ஆம் வருடக் கார், எஞ்சினில் 10எம்ஏ என்றால் எஞ்சின் மாறியிருக்கிறது. மாறுவது குற்றமில்லை. கடற்கரையில் அறுபது வருடம் ஓடிய காரில் முதல் எஞ்சின் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மாற்றியதைத் திணைக்களத்தில் பதிந்திருக்க வேண்டும். நிறம் மாற்றினாலும் அப்படித்தான். டட்சன் எஞ்சின் போட்ட மைனரும், டீசல் எஞ்சின் போட்ட ஒக்ஸ்போர்டும் எங்கள் பக்கம் தாராளம். அவற்றில் பல புத்தகத்தின்படி இன்றும் பழைய எஞ்சினோடு ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்கியபின் பொலிஸ் மறித்துப் பார்த்தால் அந்தப் பொய்க்குப் பதில் சொல்லப்போவது நீங்கள்.

எஞ்சின் நம்பரில் இன்னொரு எழுத்தும் கதை சொல்லும். எச் என்றால் கூடிய அமுக்கம், எல் என்றால் குறைந்த அமுக்கம். தொண்ணூறுகளில் பெற்றோல் தங்கம் விலை விற்றபோது வடக்கில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே அதைத் தாங்கின. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணியாகும், பெயரிங் தேயும். "யாழ்ப்பாணத்துக் கார், கைபடாதது" என்று ஒருவர் சொன்னால், போர்க்காலத்தில் அது எங்கே நின்றது, எதில் ஓடியது என்று நான் கேட்பேன். வெறுமனே நின்றிருந்தால் ஒரு வகைப் பழுது, மண்ணெண்ணெயில் ஓடியிருந்தால் இன்னொரு வகை. சூடேறிய எஞ்சினில் ஒயில் அமுக்கம் எப்படி என்று பார்க்காமல் எந்த வடக்குக் காருக்கும் விலை சொல்லக்கூடாது. விற்பவர் நீங்கள் வருமுன் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, என்ன நிறத்தில் புகைக்கிறது என்று பார்க்கிற சந்தர்ப்பம் போய்விட்டது. இன்னொரு நாள் காலையில், சொல்லாமல் போங்கள்.

மூன்றாவது சாட்சி நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. திணைக்களத்தின் இணையச் சேவையில் பதிவிலக்கத்தைக் கொடுத்து வாகனத்தின் விவரம் பெறலாம். எழுத்தில் வேண்டுமென்றால் பதிவேட்டின் சான்றுப் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். புத்தகம் தொலைந்த வீட்டுக்கும் தொலைந்ததாகச் சொல்லும் வீட்டுக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான். உண்மையில் தொலைந்த புத்தகம் தன் தடத்தை வேறிடங்களில் விட்டுவிட்டுத்தான் போகும். பதிவேட்டில் அதே பெயர் இருக்கும். பிரதேச செயலகத்தில் எடுத்த பழைய வருமான அனுமதிப்பத்திரம் ஒன்று எங்காவது கிடக்கும். காப்புறுதிச் சீட்டு, பொலிஸில் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, கார் நின்ற முற்றத்தில் எடுத்த குடும்பப் படம் என்று ஏதாவது வரும். பொய்யாகத் தொலைந்த புத்தகத்துக்கு ஒரு வாய்தான் சாட்சி. உண்மையான உரிமையாளர் முறைப்பாடு போட்டு, சத்தியக் கடதாசி கொடுத்து, இரண்டாம் பிரதி எடுக்க வழி இருக்கிறது. ஆகவே என் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நீங்கள் பிரதியை எடுங்கோ ஐயா, அதுவரைக்கும் காத்திருக்கிறம்." உண்மைக்காரர் சலித்துக்கொண்டாவது எடுப்பார். மற்றவர் அடுத்த கிழமை வேறு ஆளுக்கு விற்றுவிட்டதாகச் சொல்வார்.

இந்தச் சாட்சியின் அருமை 2022இல் எல்லோருக்கும் தெரிந்தது. எரிபொருள் தட்டுப்பாட்டில் அரசு கியூஆர் அட்டை கொண்டுவந்தபோது, பதிய வாகன இலக்கத்தோடு செசி நம்பரும் கேட்டார்கள். காரில் ஒரு நம்பர், பதிவேட்டில் இன்னொரு நம்பர் என்று ஓடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெற்றோல் வரிசைக்கு வருமுன்னரே வழி அடைபட்டது. அதுவரை "எல்லாம் சரி" என்று சொல்லிக்கொண்டிருந்த பல கடதாசிகளின் நிலைமை ஒரு கைத்தொலைபேசித் திரையில் வெளியே வந்தது.

இனி, எங்கள் நாட்டுக்கே உரிய வியாதி: ஓப்பன் பேப்பர். புத்தகத்தில் பெயர் உள்ளவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்து, வாங்குபவர் பெயரையும் திகதியையும் நிரப்பாமல் கொடுத்துவிடுவார். வாங்கியவர் தன் பெயருக்கு மாற்றாமல், அதே கடதாசியோடு அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு. கார் ஐந்து கை மாறியிருக்கும், பதிவேட்டில் முதல் ஆள்தான். சட்டப்படி கைமாறிய 14 நாளுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். விற்பவருக்கு எம்டிஏ 6, வாங்குபவருக்கு எம்டிஏ 8 என்று படிவங்கள் அதற்காகவே இருக்கின்றன. மாற்றக் கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம் என்றுதான் ஆட்கள் ஓப்பன் பேப்பரில் வைத்திருப்பார்கள். இதில் எவரும் கள்ளர் இல்லாமலே நீங்கள் நட்டப்படலாம். கையெழுத்து வைத்தவர் இறந்துபோனால் அந்தக் கையெழுத்தை யார் உறுதிப்படுத்துவார்? அவருடைய பிள்ளைகள் வந்து "அப்பாவின் கார்" என்றால் என்ன பதில் சொல்வீர்கள்? கள்ளர் இருந்தாலோ இன்னும் மோசம். பதிவில் பெயர் உள்ளவர் புத்தகம் தொலைந்தது என்று முறைப்பாடு போட்டு இரண்டாம் பிரதி எடுத்து, அதே காரை இன்னொருவருக்கும் விற்கலாம். இரண்டு பேரிடமும் கடதாசி இருக்கும், கார் ஒன்றுதான்.

ஆகவே ஓப்பன் பேப்பர் காருக்கு நான் வைக்கும் நிபந்தனை: பதிவில் பெயர் உள்ளவரை நேரில் காட்டுங்கள். அவர் அடையாள அட்டையோடு வந்து, என் கண்முன் புதிதாகக் கையெழுத்து வைக்கட்டும். அவர் இலண்டனில் இருந்தால் அற்றோணித் தத்துவம் வேண்டும், அதுவும் இன்ன வாகனத்தை விற்க என்று இலக்கம் சொல்லி எழுதியதாக. அதைக் கொடுத்தவரோடு வீடியோவில் ஒருமுறை பேசிவிடுங்கள், தத்துவம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதும் தெரியவேண்டியதுதான். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் நீதிமன்றத்தின் வழியாகத் தீர்த்துக்கொண்டு வரட்டும். "அண்ணன் தம்பி எல்லாருக்கும் சம்மதம்" என்ற வாய்ப்பேச்சை நம்பி வாங்கிய காரை, ரொறன்ரோவில் இருக்கும் கடைசித் தங்கச்சி ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்திவிடலாம்.

புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் ஏதாவது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய காரின் பேரில் யார் கடன் கொடுப்பான் என்று நினைக்க வேண்டாம். பெயர் இருந்தால், கடன் தீர்ந்த கடிதம் வராமல் கார் விற்பவருடையதே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு: புத்தகம் சுத்தம், கார்தான் வேறு. உக்கி மண்ணாகிப்போன ஒரு பழைய வாகனத்தின் புத்தகத்தையும் தகடுகளையும் மட்டும் வாங்கி, வேறொரு உடம்பில் மாட்டி ஓடவிடுவார்கள். ஜீப், லாண்ட் ரோவர் வகைகளில் இது கூட. மைனரிலும் நடக்காது என்றில்லை. தகரம் புதிதாகக் கிடைக்கிற கார் அது. இங்கிலாந்தில் பாத் நகரில் மைனர்களுக்கென்றே கராச் நடத்திய சார்ல்ஸ் வேர் என்பவர், மைனருக்கு வேண்டிய பாகங்களை இலங்கையிலேயே செய்ய தொண்ணூறுகளில் ஏற்பாடு செய்தார். அந்த அளவுக்கு இந்த நாட்டில் மைனர் வேலை தெரிந்த கைகள் உண்டு. அதே கைகளால் இரண்டு காரை ஒன்றாக்கவும் முடியும். உடம்பில் ஒட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தேடுவது அதற்காகத்தான்.

இங்கே உப்பைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தீவுக்கு இரண்டு பக்கமும் கடல், நடுவில் உப்பளம். சோளகம் வீசும் மாதங்களில் ஒரு பக்கம், வாடை வந்தால் மறுபக்கம் என்று உப்புக்காற்று மாறிமாறி அடிக்கும். மைனருக்கு ஏ40 போலத் தனிச் செசி கிடையாது, தகர உடம்பேதான் அதன் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம், முன்சில்லைத் தாங்கும் நீளத் தண்டுகள், நடுக் குறுக்குச் சட்டம், பின் வில்லு மாட்டும் காதுகள், இவை உக்கினால் வெளியே பளபளக்கும் மட்காட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதிலும் மீன் ஏற்றிய காரின் டிக்கி தனிக்கதை. பெட்டியிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் தரை மூலைகளில் தங்கி உள்ளிருந்து தின்னும். டிக்கியின் றப்பர் விரிப்பைத் தூக்காமல் வரக்கூடாது.

உக்கலை மறைப்பதில் எங்கள் ரிங்கரிங்காரர் கெட்டி. ஓட்டைக்குக் கண்ணாடி நார் ஒட்டி, மேலே பட்டி பூசி, உரசி, வர்ணம் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒன்று போதும். நல்ல தகரத்தில் பிடிக்கும், பட்டியில் வழுகும். கதவின் கீழ்ப்பகுதி, சில்லு வளைவு, ஹெட்லைற்றைச் சுற்றிய இடம் என்று மெதுவாக இழுத்துக்கொண்டு போகவேண்டும். அடித்தட்டைப் பார்க்கும்போது தார்ப்பூச்சின் வயதைக் கவனியுங்கள். இங்கே அக்கறையாகக் கார் வைத்திருப்பவர்கள் பழைய எஞ்சின் ஒயிலை அடியில் விசிறிவிடுவார்கள், அதில் புழுதி ஒட்டிக் கறுத்து அசிங்கமாக இருக்கும். எனக்கு அந்த அசிங்கம் பிடிக்கும். கறுகறுவென்று புதுத் தார் மினுங்கினால் திருப்புளியால் தட்டிப் பார்ப்பேன். பிறகு, பக்கவாட்டில் ஜாக்கி மாட்டும் இடத்தில் காரைத் தூக்கிவைத்து அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து மூடச் சொல்வேன். தரையில் நின்றபோது இருந்த இடைவெளி அப்படியே இருந்தால் எலும்பு சுகம். கதவு உரசினால், பூட்டு ஏறாவிட்டால், கார் நடுவில் மடிந்துகொண்டிருக்கிறது.

முன்சில்லின் கீழ் மூட்டை எப்போதும் கையால் ஆட்டிப் பாருங்கள். அது மரை போட்ட மூட்டு, கிறீஸ் வேலை ஒழுங்காக நடந்தால்தான் நிற்கும். காய்ந்து தேய்ந்தால் ஒரு நாள் மரை கழன்று சில்லு உள்ளே மடிந்து விழும், எந்த வேகத்தில் போனாலும் சரி. பிறேக் தலைச்சிலிண்டர் சாரதியின் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் தண்ணீரும் உப்பும் அதற்கு நேராகவே போகும். இவை இரண்டும் மலிவான பாகங்கள். ஆனால் விற்பவர் இவற்றைக்கூடக் கவனிக்காமல் விட்டிருந்தால், கவனித்ததாகச் சொல்லும் மற்றவற்றையும் அதே கணக்கில் எடுங்கள்.

ஓட்டிப் பார்க்கத் தாம்போதியைவிட நல்ல இடம் இல்லை. பட்டணத்திலிருந்து தள்ளாடிப் பக்கம் போய்த் திரும்பினால் போதும். இருபக்கமும் மறைப்பில்லாத வெளி, குறுக்கே காற்று. ஸ்ரியரிங் தளர்ந்த கார் அங்கே ஒளிக்க இடமில்லாமல் அலையும். வானொலியையும் பேச்சையும் நிறுத்திவிட்டுக் கியர்ச் சத்தத்தைக் கேளுங்கள். விற்பவர் அந்த நேரம் பார்த்துத்தான் காரின் பூர்வீகம் சொல்லத் தொடங்குவார். "டொக்டர் ஓடினது", "சுவாமியார் ஒருத்தர் ஓடினது", "ஒரே கை". மடுத் திருவிழாவுக்கு மட்டும் வெளியே எடுத்த கார் என்றுகூடச் சொல்வார்கள். முன்பு ஓடியவரின் நற்பெயர் தகரத்தில் ஒட்டாது. மீற்றர் காட்டும் மைலையும் கணக்கில் எடுக்க வேண்டாம், ஐந்து இலக்க மீற்றர் எத்தனை தரம் சுற்றி வந்ததோ.

இணைய விளம்பரத்தில் வரும் மோசடிக்கு இந்த நுட்பமெல்லாம் தேவையில்லை, அங்கே காரே இருக்காது. அழகான நாலு படம், சந்தையைவிடக் குறைந்த விலை, "கார் தலைமன்னாரில நிக்குது, கொழும்பில இருந்து இன்னொரு ஆள் நாளைக்கு வாறார், அட்வான்ஸ் கொஞ்சம் போட்டால் உங்களுக்குப் பிடிச்சு வைக்கிறன்" என்ற அவசரம். இதற்குத் தூரம்தான் முதல். நாங்கள் தீவின் கடைசியில் இருப்பதால், வந்து பார்க்கமாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறான். ஒரு சதமும் அனுப்பாதீர்கள். படத்தில் உள்ள காரின் தகட்டோடு இன்றைய பத்திரிகையை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் தெரிந்த ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கார் இருந்தால் பார்க்க விடுவார், இல்லாவிட்டால் கோபப்படுவார்.

கோபம் என்றதும் ஒன்று. எங்கள் ஊரில் கடதாசி கேட்பது சிலருக்கு மரியாதைக் குறைவு. சின்னத் தீவு. கோயிலில், பள்ளிவாசலில், மீன் சந்தையில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டிய ஆட்கள். "என்னை நம்பேல்லையா?" என்று கேட்டுவிட்டால் வாங்குபவர் கூசிப்போய்க் காசைக் கொடுத்துவிடுவார். ஏமாற்றுகிறவன் அந்தக் கூச்சத்தை நன்றாக அறிவான். நான் செய்வது, பார்க்கப் போகுமுன் தொலைபேசியிலேயே சொல்லிவிடுவது: "அண்ணை, நான் எந்தக் கார் பார்த்தாலும் புத்தகம், அடையாள அட்டை, செசி நம்பர் மூன்றையும் ஒத்துப் பார்த்துத்தான் விலை பேசுவன். எல்லாரிட்டயும் அப்படித்தான்." முன்கூட்டிச் சொன்னால் அது அவரை மட்டும் சந்தேகிப்பதாக ஆகாது. நானாமாரும் ஐயாமாரும் அதை ஏற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். உண்மையாக விற்கிறவர் தன் கடதாசியைக் காட்டப் பெருமைப்படுவார்.

காசு கொடுக்கும் நாளில் சில ஒழுங்குகள். பதிவில் பெயர் உள்ளவரின் வங்கிக் கணக்குக்கே காசு போகட்டும், மைத்துனர் கணக்குக்கு வேண்டாம். பகலில், வங்கி திறந்திருக்கும் நேரத்தில் செய்யுங்கள். கையளிப்புக் கடிதத்தில் திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு முன் நடந்த விபத்தும் தண்டமும் அவருடையது, பின் நடப்பது உங்களுடையது. இருவரின் அடையாள அட்டை இலக்கம், செசி நம்பர், எஞ்சின் நம்பர், இரண்டு சாட்சிகள். படிவங்களை நிரப்பாமல் யாரும் எழும்பக்கூடாது. மாற்றத்தை அந்தக் கிழமைக்குள்ளேயே ஒப்படைத்துப் பற்றுச்சீட்டை வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் வாங்குபவருக்குச் சொன்னது. அவரே ஒரு நாள் விற்பவராகவும் ஆவார். என்னிடம் திருத்த வரும் ஒவ்வொரு பழைய காருக்கும் ஒரு கோவை திறக்கச் சொல்கிறேன். பட்டி பூசுமுன் வெறும் தகரத்தின் படம், எங்கே வெட்டி எங்கே ஒட்டினோம் என்ற குறிப்பு, எஞ்சின் மாற்றினால் அதைப் பதிந்த கடிதம், பாகங்கள் வாங்கிய பில்லுகள், புத்தகத்தின் பிரதி ஒன்று வேறு வீட்டில். உக்கலை மறைக்காமல் எழுதிவைத்தால் விலை குறையும் என்று பலர் பயப்படுகிறார்கள். நான் கண்டது வேறு. எல்லா ஒட்டும் எழுதப்பட்ட காருக்கு, எழுதப்படாத பளபளப்பை விட, பார்க்க வருகிறவர் கூடவே கொடுக்கிறார். இப்படிக் கோவையோடு வரும் காரை விற்கும்போது சந்தை விலையில் கொஞ்சம் ஏற்றிக் கேட்கச் சொல்வேன். பேரம் பேசிவிட்டுக் கடைசியில் தருகிறார்கள்.